கப்பல் வந்த கணக்கு



ஒரு மரக்கலம் துறையை அடைந்து நங்கூரம் இடும்பொழுது கரையிலே பலர் அதற்காகக் காத்து நிற்பர். வணிகன் தன் சரக்கை எதிர்பார்த்து நிற்பான். சுமை இறக்குவோன் அன்றையக் கூலியை எண்ணி நிற்பான். கடல் கடந்து போனவனின் முகத்தைக் காணும் ஆவலோடு உற்றார் உறவினர் நிற்பர். இவர்கள் எல்லோருக்கும் நடுவே, கையில் எழுத்தாணியோ இறகுப் பேனாவோ பிடித்தபடி மற்றொருவனும் நிற்பான். அவன் துறைமுகக் கணக்கன். வந்த கலத்தின் பெயர் யாது, அதனைச் செலுத்தி வந்த தண்டையல் யார், எத்துறையிலிருந்து வந்தது, எத்தனை பேரை ஏற்றி வந்தது, என்ன சரக்கு, எவ்வளவு தீர்வை என்பன அவன் கேட்கும் கேள்விகள். விடைகளைக் குறித்துக்கொண்டு அவன் அடுத்த கலத்தை நாடிச் சென்றுவிடுவான்.

வணிகன் போயினான், கலமும் கடலோடு போயிற்று, கரையில் நின்றோரும் மறைந்தனர். கணக்கன் எழுதியது மட்டும் சில இடங்களில் எஞ்சி நிற்கின்றது. அவ்வாறு எஞ்சிய குறிப்புகளைப் பற்றியே இன்று உங்களோடு சில நிமிடங்கள் பேச விரும்புகின்றேன். பழங்கணக்கைப் புரட்டுவதில் நமக்கு என்ன பயன் என்று நீங்கள் வினவலாம். ஒரு துறையிலே எழுதப்பட்ட சிறு குறிப்பு, நூறாண்டு கழிந்தபின் ஒரு குடும்பத்துக்கு ஊரையும் உறவையும் மீட்டுக் கொடுத்த வரலாறும் உண்டு. எழுதப்படாமற் போன குறிப்பு, பல இலட்சம் மக்களை நாடற்றவராக்க உதவிய வரலாறும் உண்டு. அவ்விரண்டையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்வோம். துறைமுகக் கணக்குகள் வரலாறு எழுதுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. அவை வரி கொள்வதற்காக எழுதப்பட்டவை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே வந்திறங்கிய பண்டங்களுக்கும் ஏற்றப்பட்ட பண்டங்களுக்கும் சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை என்னும் சங்கநூல் கூறுகின்றது. பொறி இட்டவன் எண்ணியும் இருப்பான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் எண்ணிய கணக்கு நமக்குக் கிட்டவில்லை. ஓலையும் பனையேடும் நமது வெப்பத்துக்கும் செல்லுக்கும் இரையாயின. கல்லிலே வெட்டியதே காலத்தை வென்றது. ஆகவே இலங்கைத் துறைகளின் பழைய செய்தியை அறிய நாம் கல்லிடமே செல்லவேண்டியவராய் இருக்கின்றோம்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகளுள் நயினாதீவும் ஒன்று. அங்கே நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே ஒரு தமிழ்ச் சாசனம் உண்டு. அது 12ஆம் நூற்றாண்டிலே இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் படித்து 1963ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அச்சாசனம் ஊராத்துறை பற்றிப் பேசுகின்றது. இன்று நாம் ஊர்காவற்றுறை என்று வழங்கும் துறையே அது. பரதேசிகள் அங்கு வந்து தங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும், பல துறைகளிலிருந்தும் வருவோர் நமது துறையிலே கூடவேண்டும் என்பது அரசனின் கட்டளை. அடுத்து, கலம் உடைந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவன் விதி வகுக்கின்றான். ஆனையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் கெட்டுப்போனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் கெட்டுப்போனால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. இவ்விதி கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதாகவும், சந்திர சூரியர் உள்ளவரை நிற்பதாகவும் சாசனம் கூறும்.

இந்தப் பங்கு வேறுபாட்டைச் சிறிது ஆராய்ந்து பாருங்கள். ஆனைக்கும் குதிரைக்கும் அரசன் ஏன் குறைவான பங்கு கொண்டான்? காரணத்தை அவனே சொல்கின்றான். அவற்றின் மீது அவனுக்கு விருப்பம் மிகுதி. படைக்கு வேண்டிய குதிரை இந்நாட்டிலே பெருகுவதில்லை. அது கடல் வழியாகவே வரவேண்டும். கொண்டுவரும் வணிகன் நட்டப்பட்டால் மறுமுறை வரமாட்டான். ஆதலின் அவன் இழப்பை அரசன் குறைத்துவிடுகின்றான். இதற்கு ஆறு நூற்றாண்டுகள் முன்னர், கொஸ்மாஸ் என்னும் கிரேக்க நூலாசிரியர் இலங்கை மன்னனைப் பற்றி எழுதியபோது, பாரசீகத்திலிருந்து குதிரை கொண்டுவருவோருக்கு அவன் சுங்கத்தை விலக்கியதாகக் குறித்துள்ளார். அவருடைய ஏட்டையும் நயினாதீவுக் கல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நீண்ட காலம் மாறாதிருந்த ஒரு கடல்வணிகக் கொள்கை நமக்குப் புலனாகின்றது.

சிங்கள மன்னன் ஒருவன் தன் கட்டளையைத் தமிழிலே வெட்டுவித்தமையும் கவனிக்கத்தக்கது. துறைக்கு வருவோருக்கு எந்த மொழி விளங்குமோ அந்த மொழியிலே விதியை எழுதுவதே முறை. கடல்வணிகத்திலே தமிழ் அந்நாளிற் பெற்றிருந்த இடத்துக்கு அக்கல் ஒரு சாட்சி.

இன்னொரு கல்லும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. 1911ஆம் ஆண்டிலே காலி நகரில், வடிகால் ஒன்றை மூடியிருந்த கற்பலகை ஒன்று எடுக்கப்பட்டது. புரட்டிப் பார்த்தபோது அதிலே மூன்று மொழிகளில் எழுத்துக்கள் காணப்பட்டன. சீனம், தமிழ், பாரசீகம் என்பன அவை. சீனப் பேரரசரின் பெயரால், பெருங்கப்பற்படையுடன் வந்த செங் ஹோ என்னும் தலைவர் நிறுவிய கல் அது. அதிலுள்ள ஆண்டு 1409. சீன மொழிப்பகுதி புத்தபெருமானைப் போற்றுகின்றது. தமிழ்ப்பகுதி தெய்வேந்திரமுனையிலே கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப்பகுதி இஸ்லாமிய நெறிக்கு உரியது. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, நறுமண எண்ணெய் முதலான காணிக்கைகளின் பட்டியலும் அதில் உண்டு. இக்கல் சீனத்திலே நான்கிங் நகரிற் பொறிக்கப்பட்டுக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. அவ்வாறாயின் இது கப்பல் புறப்படுமுன்னரே எழுதப்பட்ட வருகைக் குறிப்பு ஆகும். தாம் வரப்போகும் துறையிலே தமிழ் அறிந்தோர் இருப்பர் என்பதைச் சீனர் தம் நாட்டில் இருந்தபோதே அறிந்திருந்தனர். அக்கல்லை இன்று கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்திலே காணலாம்.

நேயர்களே, கல்லிலே எழுதியோர் அரசர்கள். அவர்கள் விதியையும் கொடையையும் எழுதினர். இன்ன நாள் இன்ன கலம் வந்தது என்னும் நாட்கணக்கைக் கடதாசியிலே எழுதி, அதனைப் பேணியும் வைத்தோர் ஒல்லாந்தர். 1602ஆம் ஆண்டிலே தோன்றிய அவர்களுடைய கிழக்கிந்தியக் கும்பனி 1640இல் காலியையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிற்று. கும்பனியின் பங்காளர்கள் ஆறு மாதக் கடற்பயணத்துக்கு அப்பால், ஒல்லாந்து தேசத்தில் இருந்தனர். கண்ணாற் காணாத வணிகத்தை அவர்கள் காகிதத்தாலேயே நடத்தவேண்டியிருந்தது. ஆகையால் ஒவ்வொரு கோட்டையிலும் நாட்குறிப்பு எழுதப்பட்டது. வந்த கப்பல், போன கப்பல், ஏற்றிய சரக்கு, இறந்த மாலுமி என்று யாவும் பதிவாயின. ஒன்றைப் பலவாகப் படியெடுத்துப் பத்தாவியாவுக்கும் தாய்நாட்டுக்கும் அனுப்பினர். ஒரு படி கடலில் மூழ்கினாலும் மறு படி எஞ்சும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணம் வீண்போகவில்லை. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற ஆவணங்கள் ஏறத்தாழ 7,000 தொகுதிகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலே பேணப்படுகின்றன. பல நாடுகளிலுள்ள கும்பனி ஆவணங்களை 2003ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தபோது கொழும்புத் தொகுதியும் அதில் இடம்பெற்றது. 1979க்கும் 1987க்கும் இடையில் ஒல்லாந்து அறிஞர் மூவர், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே ஓடிய கும்பனிக் கப்பல்களின் பயணங்களை மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர். கிழக்கு நோக்கிய பயணங்கள் 4,700க்கு மேல்; வீடு திரும்பிய பயணங்கள் 3,300க்கு மேல். கப்பல், தலைவன், கொள்ளளவு, புறப்பட்ட நாள், சேர்ந்த நாள் என்று வரிசை வரிசையாக அவை நிற்கின்றன. இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். போன கப்பல்கள் எல்லாம் திரும்பவில்லை. சில மூழ்கின, பல ஆசியக் கடலிலேயே ஓடித் தேய்ந்தன. மனிதரின் நிலையும் அதுவே. அக்கப்பல்களிலே கிழக்கே வந்தோர் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் என்றும், அவர்களிற் பெரும்பகுதியினர் திரும்பவில்லை என்றும் கணிக்கப்பட்டுள்ளது.

இக்கடதாசிக் கணக்கு எவ்வளவு நம்பத்தக்கது என்பதைக் கடலே சோதித்துக் காட்டிய ஓர் இடமும் நம் நாட்டில் உண்டு. ‘அவொண்ட்ஸ்டெர்’ என்பது ஒரு கும்பனிக் கப்பல். அந்திவெள்ளி என்பது அதன் பொருள். முன்னர் ஆங்கிலேயருடையதாய் இருந்து, பிடிபட்டுப் பெயர் மாறிய கலம் அது. முதுமை அடைந்து, குறுந்தூரப் பயணங்களில் ஈடுபடுத்தப்பட்டு வந்தது. 1659ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் இந்தியாவுக்குப் பாக்கு ஏற்றுவதற்காகக் காலித் துறையிலே நின்றபோது, இரவில் நங்கூரம் நழுவிக் கரையருகே மோதி உடைந்தது. இச்செய்தி ஏட்டில் உறங்கிக் கிடந்தது. 1990களில் கடலடி ஆராய்ச்சியாளர் காலித் துறையிலே கப்பற்சிதைவு ஒன்றைக் கண்டனர். 2001 முதல் அதனை முறையாக ஆராய்ந்து அவொண்ட்ஸ்டெர் என உறுதி செய்தனர். ஏடு சொன்ன இடத்திலே மரமும் நங்கூரமும் பீரங்கியும் கிடந்தன. மாலுமிகளின் மரப்பாத்திரமும் காலணியும் ஏட்டில் இல்லை. அவற்றைக் கடல் கொடுத்தது. ஏடும் கடலும் ஒன்றை ஒன்று நிரப்பின. ஆனால் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, காலியிலிருந்த கடலடித் தொல்லியல் ஆய்வுகூடத்தைத் தாக்கியபோது மீட்கப்பட்ட பொருட்களிற் பல மறுபடியும் கெட்டன. ஆவணத்தைப் பேணும் தொழிலுக்கு ஓய்வு என்பது இல்லை என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று.

ஒல்லாந்தருக்குப் பின் 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் காலத்திலே கப்பல் வருகை கணக்கனின் ஏட்டிலிருந்து செய்தித்தாளின் பத்திக்குத் தாவிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த தபாற்கப்பல்கள் காலியிலேயே நின்றன. கோப்பி விலையும் போர்ச்செய்தியும் அக்கப்பல்களோடு வந்தன. காலியிலிருந்து கொழும்புக்கு எழுபது மைல். குதிரை வண்டிக்கு அது நெடுந்தூரம். ஆகவே 1850களில் கொழும்பு ‘ஒப்சேவர்’ பத்திரிகையினர் காலியிலிருந்து புறாக்களின் காலிலே செய்தியைக் கட்டிப் பறக்கவிட்டனர். தந்திக் கம்பி வந்தபின் புறாவுக்கு வேலையில்லாமற் போயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875இல் கொழும்பிலே அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது கட்டி முடிந்தபின் நீராவிக் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்பை நாடின. வருகைப் பத்திகளை ஆண்டு ஆண்டாக அடுக்கிப் பார்த்தால், ஒரு துறை தளர்ந்து மறு துறை வளர்ந்த கதை முழுவதும் அவற்றிலே தெரியும்.

ஆயினும் அப்பத்திகளிலே ஒரு குறை உண்டு. பெருங்கப்பலுக்குப் பெயர் உண்டு. தலைவன் பெயர் உண்டு. முதல் வகுப்பிலே வந்த துரைமார் பெயரும் உண்டு. வல்வெட்டித்துறையிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் புறப்பட்டு இரங்கூன் வரை ஓடிய நமது பாய்க்கப்பல்களோ, சுதேசத் தோணிகள் இத்தனை என்று ஒரே எண்ணிக்கையுள் அடங்கிவிடுவது வழக்கம். அவற்றுள் ஒன்றுக்கு மாத்திரம் உலகப் புகழ் கிட்டிற்று. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை ரொபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி விலைக்கு வாங்கினார். சுமார் 89 அடி நீளமான அக்கலத்தைத் தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே அமெரிக்காவின் குளொஸ்டர் துறையிற் சேர்த்தனர். அந்நாட்டுச் செய்தித்தாள்கள் அதனை வியந்து எழுதின. நம் கரையிலே எண்ணிக்கையாய் இருந்த கலம் அயற்கரையிலே பெயர் பெற்றது.

பெயர் இல்லாதிருப்பது ஒரு கலத்துக்குக் குறையே. மனிதனுக்கோ அது குறையளவில் நிற்பதில்லை. இங்கேதான் நமது பொருளின் கனமான பகுதிக்கு வருகின்றோம்.

1860ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே சென்னைத் துறையிலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் புறப்பட்டது. அது தென்னாபிரிக்காவிலுள்ள நேட்டால் நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற்கப்பல். 342 பேருடன் நவம்பர் 16ஆம் நாள் அது டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு சென்றனர்; அவர்களிற் பெரும்பாலோர் சென்னைத் துறை வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனை அடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலிலுள்ள மச்சம் அல்லது தழும்பு.

ஏன் இவ்வளவு விவரம்? அன்பினால் அன்று. ஒப்பந்தம் ஐந்தாண்டு. அக்காலம் முடியுமுன் ஒருவன் தோட்டத்தை விட்டு ஓடினால் அவனைத் தழும்பைக் கொண்டு கண்டுபிடிக்கவேண்டும். ஆளை அடையாளங்காணும் தேவையினாலேயே அப்பட்டியல் பிறந்தது. எழுதிய கணக்கனுக்குத் தமிழ்ப் பெயர் வாயில் நுழையவில்லை. ஊர்ப்பெயரையும் காதில் விழுந்தபடி எழுதினான். எனினும் காலம் அப்பட்டியலின் பயனை மாற்றிவிட்டது. அக்கூலிகளின் பேரர்களும் அவர்களின் மக்களும் தென்னாபிரிக்க ஆவணக் காப்பகத்திலே அதனைப் புரட்டித் தம் மூதாதையின் எண்ணையும் கிராமத்தையும் கண்டறிகின்றனர். வட ஆர்க்காட்டிலோ தஞ்சையிலோ உள்ள ஒரு சிற்றூரைத் தேடி வருகின்றனர். அடிமைத்தனத்துக்கு அண்மையான ஒரு முறையினால் எழுதப்பட்ட தழும்புக் குறிப்பு, இன்று உறவைக் காட்டும் அடையாளமாய் நிற்கின்றது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். நேட்டாலுக்குக் கப்பல் ஓடத் தொடங்குவதற்கு முன்னரே தென்னிந்தியத் தொழிலாளர் இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிவிட்டனர். பாம்பன், தொண்டி முதலிய துறைகளில் ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக்காட்டினூடே மாத்தளை வரை நடந்தனர். வழியிலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மடிந்தோர் பலர். இவர்கள் வருகைக்கும் கணக்கு உண்டு. ஆண்டுதோறும் ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, பிள்ளைகள் இத்தனை என்று அரசாங்க அறிக்கைகளிலே தொகை உண்டு. ஆனால் நேட்டாலிற் போல ஆளுக்கு ஒரு வரி என்னும் பட்டியல் இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. இலங்கைக்கு வந்தோர் ஒப்பந்தக் கூலிகள் அல்லர். கங்காணி திரட்டி வந்தவர்கள். அவர்களைக் கட்டிவைத்தது அரசாங்கத்தின் பத்திரம் அன்று. கங்காணியிடம் பட்ட கடன். ஆகவே ஒவ்வொருவரையும் பெயர் ஊருடன் அறிந்து வைக்கும் தேவை அரசாங்கத்துக்கு ஏற்படவில்லை. கடனைக் குறித்த ‘துண்டு’ தோட்டத்துரையிடம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரச்சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரவில்லை ஒன்று அவரவர் கழுத்திலே தொங்கிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியபின் மண்டபம் முகாமிலே தங்கவைத்து, நோய் சோதித்து அனுப்பினர். தோட்டத்திலே அவர்கள் பெயர் செக்குரோலில் ஏறிற்று. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி வேலைக்கு அரைப்பேர் என்று மலைநாட்டிலே வழங்கும் சொல் எல்லோரும் அறிந்ததே. பெயர் என்னும் சொல்லே அங்கு கூலியின் அளவாயிற்று!

இவ்வாறு நூறாண்டுக்கு மேல் கழிந்தது. 1948ஆம் ஆண்டிலே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டிலே பிறந்த ஒருவர் பரம்பரையாற் பிரசையாவதற்குத் தம் தந்தையும் இங்கே பிறந்தவர் என்றோ, தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவவேண்டும் என அது விதித்தது. அடுத்த ஆண்டிலே வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 1,34,000 பேர் மட்டுமே.

நேயர்களே, பாட்டன் வந்த நாளையும் தந்தை பிறந்த இடத்தையும் காட்டு என்றால் லயக்காம்பறாவிலே வாழ்ந்த தொழிலாளி எதைக் காட்டுவான்? மன்னார்க் கணக்கிலே அவன் பாட்டன் ஓர் எண். தோட்டத்துச் செக்குரோலிலே அவன் தந்தை ஒரு பேர். சட்டம் கேட்டதோ பெயர், நாள், இடம். சட்டத்தின் நோக்கம் பற்றி வரலாற்றாசிரியர் பலவாறு எழுதியுள்ளனர். அவ்விவாதத்துள் நான் இங்கே புகவில்லை. எழுதாமல் விட்டவர்கள் வேறு. அதன் பயனை அனுபவித்தவர்கள் வேறு என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகின்றேன்.

பின்னர் 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நிகழ்ந்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதெனவும் இரு நாடுகளும் உடன்பட்டன. 1974இல் அந்த எஞ்சிய தொகை சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. மலைநாட்டிலிருந்து தலைமன்னார் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தனர். துறையிலே அவர்களின் பெயர் எழுதப்பட்டது, தந்தை பெயர் எழுதப்பட்டது, பிறந்த தோட்டம் எழுதப்பட்டது, கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. பாட்டன் வந்தபோது தலைக்கணக்கு. பேரன் போனபோது பெயர்க்கணக்கு. அக்கப்பற்சேவையும் 1984இல் நின்றது. இங்கே நாடற்றவராய் எஞ்சியோரின் நிலை தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் அது பிரசாவுரிமை வழங்கிற்று.

இதுவரை கூறியவற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டியன சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன்.

ஒரு பழங்கணக்கைக் கையில் எடுக்கும் மாணவன் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். இதை எழுதியவன் யார்? யாருடைய தேவைக்காக எழுதினான்? யாரை எழுதாமல் விட்டான்? நயினாதீவுக் கல்லிலே அரசனின் குதிரை விருப்பம் தெரிகின்றது; குதிரையோடு வந்த பணியாளன் தெரியவில்லை. ஒல்லாந்தரின் ஏட்டிலே பாக்கும் நங்கூரமும் தெரிகின்றன; பாக்குப் பறித்தவன் தெரியவில்லை. மூன்றாவது கேள்வியைக் கேட்காதவன் ஏட்டைப் படித்தவன் ஆகான். எண்ணிக்கையை மட்டும் கண்டவன் ஆவான்.

அடுத்தது நம் கடமை. கொழும்புக் காப்பகத்திலுள்ள தொகுதிகளை அரசு பேணுகின்றது. நமது வீடுகளிலுள்ளவற்றைப் பேணுவார் யார்? வடக்கிலும் கிழக்கிலும் கடலோடிக் குடும்பங்களிலே பழைய தோணிக் கணக்கு இருக்கலாம்; சரக்கேற்றிய சீட்டு இருக்கலாம். மலைநாட்டிலே ஒரு பழைய துண்டோ, தகரவில்லையோ, செக்குரோலின் கிழிந்த தாளோ பெட்டியின் அடியில் இருக்கலாம். இந்தியாவுக்குச் சென்ற உறவினர் விட்டுப்போன கடவுச்சீட்டின் பிரதி இருக்கலாம். அவற்றைக் குப்பையென எறியவேண்டாம். ஈரம் படாத இடத்திலே வையுங்கள். அவற்றின் பின்னாலுள்ள கதையை வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் தவறாமல் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அருகிலுள்ள நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ அறிவியுங்கள்.

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. அதில் ஏறுவோர் ஒவ்வொருவரின் பெயரும் இன்று இரு கரைகளிலும் பதிவாகின்றது. சீட்டைக் காட்டிக் கரையேறும் பயணிக்கு அது சிறு தொல்லையாகத் தோன்றலாம். பெயர் எழுதப்படாமல் மன்னார் மணலிலே இறங்கி நடந்தவர்களை எண்ணிப் பார்ப்பவருக்கு, அந்த ஒரு வரியின் பெறுமதி விளங்கும்.